22,000 ரூபாய் பவர் கேபிளும் மிருதங்கத்தின் தொப்பியும்

வால்வு_குன்னூர்:
நேற்று ஒருவர் எழுதியிருந்தார். 22,000 ரூபாய்க்குப் பவர் கேபிள் வாங்கி ஆம்பில் (ஆம்ப்ளிஃபயரில்) செருகினாராம், மிருதங்கத்தில் இடப்பக்கத் தொப்பி தனியாக, வலப்பக்க வலந்தலை தனியாகக் கேட்கிறதாம். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. பைக்காரா நீர்மின் நிலையத்தில் 1932இலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். காடு, மலை, டிரான்ஸ்பார்மர் எல்லாம் தாண்டி அலுமினியக் கம்பியில் வருகிறது. கடைசி ஒன்றரை மீட்டரில் மட்டும் அதற்குச் சங்கீத ஞானம் வந்துவிடுமா?

கோத்தகிரி_ஸ்டீரியோ:
அந்த "ஒருவர்" நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம். பைக்காரா மின்சாரம் நேராக உங்கள் வீட்டுக்கு வருகிறதா? எல்லா நிலையத்து மின்சாரமும் கிரிட் என்கிற பொது மின்தொகுப்பில் கலந்துதான் வருகிறது. முதலில் அதைத் திருத்துங்கள்.

வால்வு_குன்னூர்:
சரி, குந்தா என்று வைத்துக்கொள்ளுங்கள், நெய்வேலி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி ஒன்றரை மீட்டருக்குப் பதில் எங்கே? 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு, போக வர 3 மீட்டர், மின்தடை சுமார் 0.036 ஓம். ஆம்ப் 1 ஆம்பியர் இழுத்தாலும் 0.04 வோல்ட்கூட இறங்காது. அதையும் ஆம்புக்கு உள்ளே ரெக்டிஃபையரும் கெப்பாசிட்டரும் சேர்ந்து டி.சி. (நேர்மின்சாரம்) ஆக்கிவிடும். என் வீட்டில் சாயங்காலமானால் 230 இருக்க வேண்டிய இடத்தில் 190 காட்டுகிறது. கோத்தகிரி மட்டும் சொர்க்கமா? அந்த 40 வோல்ட் கேட்காத காதுக்கு இது கேட்டதாம்!

பனிமூட்டம்:
நம் ஊர் ஈரத்தில் பிளக் பின் களிம்பேறிவிடும். புதுக் கேபிளில் பின் சுத்தமாக இருக்கும், அவ்வளவுதான். பழையதை உப்புத்தாளில் தேய்த்துப் பாருங்கள்.

கோத்தகிரி_ஸ்டீரியோ:
உப்புத்தாளா! இரண்டு லட்ச ரூபாய் ஆம்புக்கு நல்ல வைத்தியம்.

பனிமூட்டம்:
பிளக்கைச் சொன்னேன் ஐயா, ஆம்பை இல்லை.

வால்வு_குன்னூர்:
விடுங்கள், அவர் காது அப்படி. போன மழைக்கு என்னிடம் இசைத்தட்டு போடும் டர்ன்டேபிள் விற்றாரே, மோட்டார் உறுமியது, அப்போது மட்டும் கேட்கவில்லை.

கோத்தகிரி_ஸ்டீரியோ:
அடிமாட்டு விலைக்குக் கேட்டு வாங்கிவிட்டுப் பேச்சைப் பாருங்கள். பெல்ட்டை மாற்றச் சொன்னேனே, மாற்றினீர்களா?

வால்வு_குன்னூர்:
பேச்சை மாற்றாதீர்கள். கடைசி ஒன்றரை மீட்டர்! உங்கள் வீட்டுக்கே வருகிறேன். பின்னால் துணி போட்டு மறைத்துக் கேபிளை நான் மாற்றுகிறேன். எது எதென்று பத்துக்கு ஒன்பது தடவை சொல்லிவிடுங்கள் பார்ப்போம்.

கோத்தகிரி_ஸ்டீரியோ:
என் ஆம்பை நீங்கள் தொடவா? பாட்டுக் கேட்பது ரசனை, பரீட்சை இல்லை.

வால்வு_குன்னூர்:
பயம் என்று சொல்லுங்கள், மூன்றே எழுத்து.

ஊட்டி_தம்பி:
அண்ணே, அந்த டர்ன்டேபிள் விலைக்கு வருமா?

வால்வு_குன்னூர்:
வரும் தம்பி. பெல்ட் மட்டும் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

கோத்தகிரி_ஸ்டீரியோ:
பார்த்தீர்களா, மாற்றவே இல்லை!