ஏடிவி வெட் கிளட்சுக்கு எந்த ஆயில்? கார் ஆயில் ஊற்றியதிலிருந்து மேட்டில் இழுக்கவில்லை

நாகலூர் மிளகு:
வணக்கம். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தில் உர மூட்டை, மிளகு மூட்டை ஏற்றி இறக்க ஒரு பழைய 250 சிசி ஏடிவி (மேடு பள்ளத்தில் ஓடும் நான்கு சக்கர பைக்) வாங்கினோம். ஏர் கூல்டு என்ஜின், கையில் கிளட்ச் லிவர் உண்டு, ஐந்து கியரும் ரிவர்ஸும். மேனுவல் கிடைக்கவில்லை. போன மாதம் சேலத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஆயில் மாற்றக் கொடுத்தோம், "இதுதான் ஒஸ்தி" என்று காருக்கு ஊற்றும் 5டபிள்யூ-30 ஃபுல் சிந்தெடிக்கை ஊற்றிவிட்டார்கள். அதிலிருந்து மூட்டையோடு மேடு ஏறும்போது என்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. சமதளத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆயில்தான் காரணமா, கிளட்ச் பிளேட் போய்விட்டதா? சிந்தெடிக்கே ஆகாது என்று தோட்டத்தில் ஒருவர் சொல்கிறார்.

செவ்வாய்ப்பேட்டை ஸ்பேனர்:
சிந்தெடிக் மேல் பழி போடாதீர்கள். மினரலோ சிந்தெடிக்கோ, கிளட்சுக்கு அது கணக்கே இல்லை. உங்கள் வண்டியில் என்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில்தான் ஓடுகின்றன, கிளட்ச் ஆயிலில் நனைந்தே இருப்பதால்தான் அதற்கு வெட் கிளட்ச் என்று பெயர். காரில் கிளட்ச் வெளியே காய்ந்து கிடக்கும், அதனால் கார் ஆயிலில், அதுவும் 5டபிள்யூ-30 மாதிரி மெல்லிய ஆயிலில், மைலேஜுக்காக உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்ப்பார்கள். அந்த மருந்து கிளட்ச் பிளேட்டுக்கு இடையிலும் போய் உட்கார்ந்தால் பிளேட் எப்படிப் பிடிக்கும்? இந்தத் தலைவலிக்காகத்தான் ஜப்பான்காரர்கள் 1998இல் ஜாசோ டி903 என்று பைக் ஆயிலுக்குத் தனித் தரம் கொண்டுவந்தார்கள்.

கடையில் பிராண்டைப் பார்க்காமல் டப்பாவின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருந்தால் வாங்கலாம், எம்ஏ2வில் பிடிப்பு இன்னும் கூடுதல், சுமை ஏற்றும் வண்டிக்கு அதுதான் என் கட்சி. எம்பி என்றால் ஸ்கூட்டருக்கு, தொடாதீர்கள். ஒரே அலமாரியில் ஒரே 10டபிள்யூ-30 நம்பரோடு எம்ஏவும் இருக்கும், எம்பியும் இருக்கும், கடைப் பையன் கைக்கு எது வருகிறதோ அதை எடுத்துக் கொடுப்பான்.

திக்னஸுக்கு 10டபிள்யூ-40 போதும். டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் நம்பர் குளிரில் ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதைச் சொல்வது, ஏற்காட்டுக் குளிருக்கு அதைப் பற்றிக் கவலையே வேண்டாம், அங்கே என்ன பனிக்கட்டியா உறைகிறது. நாள் முழுக்க முதல் கியரிலேயே மூட்டை இழுக்கிற ஏர் கூல்டு என்ஜின் நன்றாகச் சூடாகும், அதனால் 20டபிள்யூ-50 ஊற்றினாலும் தப்பில்லை.

மேட்டூர் டீசல்:
இவ்வளவு யோசனை எதற்கு. டிராக்டருக்கு ஊற்றும் 15டபிள்யூ-40ஐத்தான் வருஷக் கணக்காக என் பழைய பைக்கில் ஊற்றுகிறேன், கிளட்ச் ஒருநாளும் வழுக்கியதில்லை. விலையும் பாதி.

செவ்வாய்ப்பேட்டை ஸ்பேனர்:
அண்ணா, நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. டீசல் ஆயில் பலவற்றில் அந்த மருந்து இருக்காது, சில டப்பாவில் ஜாசோ எம்ஏ என்றே போட்டிருப்பார்கள், அப்படி இருந்தால் தாராளமாக ஊற்றலாம். போடவில்லை என்றால் அது சூதாட்டம், உங்களுக்கு நல்ல சீட்டு விழுந்திருக்கிறது. ஆனால் ஜாசோ என்ற பெயரை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. ஜாசோ டிஹெச்-1 என்பது டீசல் என்ஜினுக்கான தரம், கிளட்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அடிவாரம் கேரேஜ்:
தம்பி, ஆயிலை மாற்றுவதற்கு முன்னால் கிளட்ச் கேபிளைப் பாருங்கள். லிவர் நுனியில் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் ஆட்டம் இருக்க வேண்டும், ஆட்டமே இல்லாமல் இழுத்துக் கட்டியிருந்தால் எந்த ஆயில் ஊற்றினாலும் வழுக்கத்தான் செய்யும். கேபிள் சரி என்றால் என்ஜினைச் சூடாக்கி, இருக்கும் ஆயிலை வடித்துவிட்டு எம்ஏ2 ஊற்றி, மூட்டை இல்லாமல் கொஞ்ச நாள் ஓட்டி, திரும்ப ஒரு முறை வடித்து மாற்றுங்கள். முதல் தடவை வடிக்கும்போது மூலையில் தங்குகிற பழைய ஆயில் புது ஆயிலிலும் கலந்திருக்கும், அதற்காகத்தான் இரண்டாம் தடவை. பெரும்பாலும் பிடிப்பு திரும்பிவிடும். திரும்பவில்லை என்றால் கிளட்ச் கவரைத் திறந்து பாருங்கள், ஸ்டீல் பிளேட் நீலம் பாய்ந்து, பிரிக்‌ஷன் பிளேட் கண்ணாடி மாதிரி பளபளத்தால் செட்டாக மாற்ற வேண்டியதுதான். புதுப் பிளேட்டை மாட்டுவதற்கு முன் அதே ஆயிலில் ராத்திரி முழுக்க ஊறப் போடுங்கள், காய்ந்த பிளேட்டை அப்படியே மாட்டினால் முதல் மேட்டிலேயே கருகும்.

நாகலூர் மிளகு:
கேபிளில் ஆட்டம் சரியாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை சேலம் இறங்கும்போது எம்ஏ2 10டபிள்யூ-40 வாங்கிவிடுகிறேன், இரண்டு முறைக்கும் சேர்த்து. எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுவது? இதில் மீட்டரே ஓடவில்லை.

அடிவாரம் கேரேஜ்:
தோட்டத்து வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது, என்ஜின் ஓடிய மணி நேரத்தை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கியர் பல்லுக்குள் அரைபட்டு அரைபட்டு ஆயில் மெலிந்துபோகும், கியர் போடும்போது முன்பைவிடக் கடமுடா என்றால் மாற்ற நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். அளவு பார்ப்பதைச் சரிவில் நிறுத்திச் செய்யாதீர்கள், காபி உலர்த்தும் களத்தில் விட்டுப் பாருங்கள். ஓடையைத் தாண்டி வந்த நாளில் ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது, அன்றைக்கே வடித்துவிட வேண்டும். பின் சக்கரத்துக்குச் செயினா ஷாஃப்டா? ஷாஃப்ட் என்றால் பின்னால் தனியாகக் கியர் ஆயில் இருக்கும், பெரும்பாலும் 80டபிள்யூ-90, வாங்கியதிலிருந்து யாரும் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.