காலை உணவு வந்த பிறகு உங்கள் பள்ளியில் வருகை எப்படி?

ஈராசிரியர் பள்ளி வாத்தியார்:
2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது, ‘நம் ஊருக்கு எப்போ வருமோ’ என்று பேசிக்கொண்டோம். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 25-ல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. பத்து மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்த பிள்ளைகள் இப்போது மணி அடிக்கும் முன்பே தட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். நடவு, களையெடுப்பு என்று அம்மா விடியலிலேயே கிளம்பிவிடும் வீடுகளில் பிள்ளையை எழுப்பிச் சாப்பாடு போட ஆள் ஏது? அந்த வீட்டுப் பிள்ளைகள்தான் முதலில் ஒழுங்காக வர ஆரம்பித்தார்கள். பதினொரு மணிக்கு மேல் பென்சிலைப் பிடுங்குவது, கிள்ளுவது, மூலையில் சுருண்டு படுப்பது எல்லாம் நன்றாகவே குறைந்திருக்கிறது. பாதிச் சேட்டை பசிச் சேட்டைதான் என்பது என் கணிப்பு.

பத்தாம் வகுப்பு டீச்சர்:
சார், ஐந்தாம் வகுப்போடு அந்தச் சாப்பாடு நின்றுவிடுகிறதே! எங்களிடம் வரும்போது மதியச் சத்துணவு மட்டும்தான். எங்கள் தலைவலியே வேறு, முகூர்த்த நாள். பந்தி பரிமாறப் பையன்களை வேனில் அள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஒரு கல்யாணத்துக்கு 500, 600 ரூபாய் கையில் நிற்கும். இடைநிற்றலைக் குறைக்க அரசு 10, 11-ம் வகுப்புகளுக்குத் தலா 1500, 12-க்கு 2000 என்று ஊக்கத்தொகை ஒதுக்குகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் மூன்று வருடத்துக்கான அந்த 5000-ஐ அவன் ஆவணியிலும் தையிலுமே பார்த்துவிடுகிறான்.

போன மாதம் ஒருவன் கடைசி பெஞ்சில் அசந்து தூங்கினான். மணிக்கட்டில் சாம்பார் கொட்டிய கொப்புளம். “நைட்டு வேலை மிஸ்” என்றான். பிரம்பை எடுக்கக் கூடாது என்பது விதி, அது சரிதான். எனக்கு அவனை எழுந்து நிற்கச் சொல்லக்கூட மனம் வரவில்லை. அப்பாவுக்குப் போன் செய்தால், “அவன் கொண்டுவர்ற காசுலதான் டீச்சர் சீட்டு கட்டுறோம்” என்கிறார். வருகைச் செயலியில் ‘வரவில்லை’ என்று போடலாம், ஏன் வரவில்லை என்பதை எங்கே போடுவது?

சமையல் அக்கா:
நான் மகளிர் சுய உதவிக் குழு மூலமாகக் காலை உணவு சமைக்கிறேன். சமைக்கிறவரின் பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது விதி. அதனால் உப்பு கூடினால் புகார் நேராக என் வீட்டுக்கே வந்துவிடும்! வெண்பொங்கல் போடும் நாளில் தட்டு காலி, கிச்சடியன்று கொஞ்சம் முனகல்.

ஆனால் தை பிறந்ததும் பிள்ளைகளோடு செங்கல் சூளைக்குப் போகிற குடும்பங்களை எந்தப் பொங்கலும் நிறுத்தாது. மாற்றுச் சான்றிதழ் வர நேரமானாலும் அங்கே இருக்கிற பள்ளி சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும், சட்டமே அப்படித்தான். இது தெரியாமல் பல பேர் பிள்ளையைச் சூளையிலேயே உட்கார வைத்துவிடுகிறார்கள். கிளம்புவதற்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் டீச்சர், அந்தப் பையனோட அப்பாவைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். போனில் முறுக்கிக்கொள்கிறவர் ஊர்க்காரர் நாலு பேர் கேட்டால் கொஞ்சம் இறங்கி வருவார்.