‘மூடிய ஒடுக்கம்’: தாடை முறிவு மருத்துவத்துக்கு மாற்றுச்சொல் வேண்டும்

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம். மதுரையில் நான் பணிபுரியும் முகத்தாடை அறுவைப் பிரிவின் ஒப்புதல் படிவம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உடைந்த தாடையைச் சேர்க்கும் இரு முறைகளை வரைவில் ‘மூடிய ஒடுக்கம்’, ‘திறந்த ஒடுக்கம்’ என்று எழுதியிருக்கிறார்கள். ‘ரிடக்‌ஷன்’ என்பதற்கு வேதியியல் பாடநூலில் உள்ள சொல்லை அப்படியே எடுத்து வைத்திருக்கிறார்கள். எலும்பு மருத்துவத்தில் ‘ரிடக்‌ஷன்’, விலகிய துண்டுகளை உரிய இடத்துக்குக் கொண்டுவருவதைக் குறிக்கும். வண்டியிலிருந்து விழுந்து உசிலம்பட்டியிலிருந்து வருபவர், தாடையைச் சிறிதாக்கப் போகிறார்கள் என்றே புரிந்துகொள்வார்.

‘மூடிய’ என்பது அதைவிடச் சிக்கலானது. தோலையோ ஈறையோ கீறுவதில்லை என்பதால் வந்த பெயர் அது. ஆனால் அம்முறையில் மேல், கீழ்ப் பல்வரிசைகளில் வளைகம்பி பொருத்தி, இரண்டையும் சேர்த்துக் கட்டி, பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் வரை வாய் திறக்காதபடி வைத்து, நீராகாரமே கொடுக்கிறோம். ஆகவே நோயாளர் ‘மூடிய’ என்பதை வாய்க்கு ஏற்றிக்கொள்கிறார். மற்ற முறையில் எலும்பை வெளிப்படுத்தி டைட்டானியம் தகடும் திருகும் வைக்கிறோம். ‘கீறாமல் பொருத்தல்’, ‘கீறிப் பொருத்தல்’ எனலாமா?

திருமங்கலத்திலிருந்து ஒரு தமிழாசிரியர்:

மருத்துவர் அம்மாவுக்கு வணக்கம். ‘ஒடுக்கம்’ நீங்க வேண்டியதே, ‘பொருத்தல்’ நன்று. ஆனால் கீறல் நகம் பட்டாலும் உண்டாவது. எலும்பு தெரியப் பிளப்பதை அச்சொல் தாங்காது. பதிற்றுப்பத்தின் 42ஆம் பாட்டு, சிரல் (மீன்கொத்தி) நீரில் பாய்ந்து எழுவதுபோல் ஊசி சென்றுவரத் தைத்த போர்ப்புண்ணின் வடுவை ‘நெடுவசி’ என்கிறது. வசி என்றால் பிளவு. ‘வசித்துப் பொருத்தல்’, ‘வசியாது பொருத்தல்’ என வினையெச்சங்கள் இரண்டும் முறையாக அமையும். தாடி, கழுத்து, கீழ்வாய் ஆகியவற்றைக் குறித்த ‘அணல்’ என்பதையும் தாடைக்கு மீட்கலாம். சில ஆண்டுகளில் பழகிவிடும்.

மருத்துவரின் மறுமொழி:

ஐயா, நெடுவசியை அறிந்ததில் மகிழ்ச்சி. ஆயினும் ‘வசித்து’ என்றால் இன்று குடியிருத்தலே நினைவுக்கு வரும். கையெழுத்திடுபவருக்குச் சொல் பழகும்வரை காத்திருக்க நேரமில்லை. கழுத்தையும் குறிக்கும் சொல்லை அறுவைப் படிவத்தில் என்னால் ஏற்க இயலாது. ‘பொருத்தல்’ என்பதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. மேற்பல்லும் கீழ்ப்பல்லும் முன்போல் கடி சேர்வதே எங்கள் அளவுகோல்; கீறும் முறையிலும் பற்களைக் கடிநிலையில் நிறுத்திய பிறகே தகட்டைத் திருகுகிறோம். முளைக்காத பற்கள் தாடைக்குள் இருக்கும் குழந்தைகளுக்குத் திருகு அவற்றில் பட்டுவிடக் கூடும் என்பதால், பெரும்பாலும் கீறாத முறையையே நாடுகிறோம். பெற்றோரோ மருத்துவமே செய்யாமல் விட்டுவிட்டதாக வருந்துகிறார்கள். ‘பொருத்தல்’ என்ற சொல் இருந்தால் அந்த ஐயம் எழாது.

மேலூரிலிருந்து ஒரு செவிலியர்:

எங்கள் வார்டில் ‘வாய்க்கட்டு’, ‘பிளேட் வைப்பது’ என்றே சொல்கிறோம். எவரும் விளக்கம் கேட்டதில்லை. அவற்றையே அச்சிட்டால் என்ன?

தமிழாசிரியர்:

வாய்க்கட்டு என்பது பாம்பின் வாயைக் கட்டும் மந்திரத்துக்கும் வழங்குவதால் படிவத்துக்கு ஆகாது. வெள்ளிக்கிழமை நெருங்குவதால் மருத்துவர் அம்மாவின் சொற்களே போகட்டும். ‘கீறி’ என்பதில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. பாடநூலுக்குச் சொல் தொகுக்கும்போது வசியை மீண்டும் முன்வைப்பேன்.