45 நாளில் லாரி வந்ததாம்! எலுமிச்சம்பழப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தீர்களா?

எருமப்பட்டி எக்ஸ்பிரஸ்:
நேற்று இதே மன்றத்தில் வேறொரு பேச்சில் சங்ககிரி சக்கரம் அண்ணன் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "தொழிற்சாலைக்கு ஆர்டர் போட்டு 45 நாளில் பன்னிரண்டு சக்கர வண்டியை எடுத்தவன் நான். ஐந்து மாதம் காத்திருந்தேன் என்று அழுபவர்களுக்கு வண்டி வாங்கத் தெரியவில்லை" என்று எழுதியிருந்தார். அழுதவன் நான்தான். பெயரைச் சொல்லாவிட்டால் எனக்குப் புரியாதா?

2025 ஜூலை 3 அன்று முன்பணம் கட்டினேன். நீளமான சேசிஸ் (பின்னால் பாடி கட்டாத வண்டி), படுக்கை வைத்த ஏசி கேபின். செப்டம்பர் முதல் வாரம் என்றார்கள். பிறகு ஆயுத பூஜைக்கு என்றார்கள். பூஜைக்குப் பொரியும் கடலையும் வந்தன, வண்டி வரவில்லை. சேசிஸ் கைக்கு வந்தது நவம்பர் 28. மொத்தம் 148 நாள். இதை நம்பிப் பழைய வண்டியை விற்றுவிட்டேன். நல்ல ஓட்டுநர் கைவிட்டுப் போய்விடக் கூடாதே என்று சும்மா உட்கார்ந்திருந்தவருக்குப் படி கொடுத்தேன். கையில் இருந்த சிமென்ட் லோடு வேறொருவருக்குப் போய்விட்டது.

அண்ணன் தன் வண்டிப் பூஜைப் படத்தையும் போட்டிருந்தார். முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். பழத்துக்குச் சற்று மேலே, டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் தெரிகிறது: 1725. முதல் இரண்டும் டயர் செய்த வாரம், பின் இரண்டும் ஆண்டு. 2025இன் 17வது வாரம் என்றால் ஏப்ரல் கடைசி. ஆகஸ்டில் ஆர்டர் போட்ட வண்டிக்கு ஏப்ரல் மாதத்து டயர் எப்படி வந்தது? அண்ணா, உங்களுடையது ஆர்டர் வண்டி அல்ல, முன்பே செய்து டீலர் யார்டில் கிடந்த வண்டி.

சங்ககிரி சக்கரம்:
தம்பி, டயர் லாரித் தொழிற்சாலையிலா காய்க்கிறது? டயர் கம்பெனி செய்து, கிடங்கில் அடுக்கி, லாரிக் கம்பெனி வாங்கி, பிறகுதான் மாட்டுகிறார்கள். வீட்டுக் கதவுக்கு வெட்டிய மரத்தின் வயதை வைத்து வீட்டின் வயதைச் சொல்வீர்களா? ஆகஸ்ட் 10 அன்று முன்பணம் போட்டேன். செப்டம்பர் 24 அன்று சாவி வாங்கினேன். எண்ணிப் பாருங்கள், 45 நாள்.

1994இல் ஒற்றை லாரியோடு தொடங்கியவன் நான். இன்று பதினொன்று ஓடுகின்றன. எனக்கு ஆர்டர் போடச் சொல்லித்தர வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், தேதிகளைப் பார்த்ததும் கை அரித்தது. ஜி.எஸ்.டி.யைக் குறைக்கப்போகிறோம் என்று 2025 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் பிரதமர் அறிவித்தார். செப்டம்பர் 3இல் கவுன்சில் முடிவெடுத்தது. செப்டம்பர் 22 முதல் லாரிக்கு 28 சதவீதம் போய் 18 வந்தது. வரி சேர்க்காமல் 35 லட்சம் விலையுள்ள வண்டிக்கு மூன்றரை லட்சம் வித்தியாசம். இடைப்பட்ட நாட்களில் புத்தியுள்ளவர் எவரும் பில் போட விடவில்லை. வந்த வண்டிகள் யார்டிலேயே நின்றன. செப்டம்பர் 24இல் அப்படி ஒரு வண்டியைக் கொடுக்கத் தொழிற்சாலை எதற்கு? துடைப்பமும் ஒரு வாளித் தண்ணீரும் போதுமே!

சங்ககிரி சக்கரம்:
கணக்குப்பிள்ளை லாரியில் ஏறியிருக்கிறாரா, லாரி பில்லில் மட்டும் ஏறியிருக்கிறாரா? வரி குறைந்த நாளையும் சேர்த்துக் கணக்குப் போட்டு வாங்கியிருந்தால் அது என் சாமர்த்தியம். 2017 மார்ச் 29 அன்று, பழைய புகை விதிப்படி செய்த பி.எஸ்.3 வண்டிகளை ஏப்ரல் 1 முதல் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே, அப்போது நீங்கள் எல்லாம் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தீர்கள். நான் 31ஆம் தேதி மாலைக்குள் இரண்டு வண்டிகளைப் பதிவுக்குக் கொண்டுபோய்விட்டேன். வாங்கத் தெரிய வேண்டும் என்றேன், அது தவறா? 45 நாள். அவ்வளவுதான்.

எருமப்பட்டி எக்ஸ்பிரஸ்:
அண்ணா, 2017 வேண்டாம். ஒன்றே ஒன்று. ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றிதழில், தயாரித்த மாதமும் ஆண்டும் அச்சாகியிருக்கும். பெயர், வண்டி எண் எல்லாவற்றையும் விரலால் மறைத்துவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் காட்டுங்கள். ஆகஸ்டோ செப்டம்பரோ இருந்தால் நான் இங்கேயே மன்னிப்புக் கேட்கிறேன்.

சங்ககிரி சக்கரம்:
என் ஆர்.சி.யைக் கண்டவர்களுக்கும் காட்ட இது சோதனைச் சாவடியா?

பழைய கிளீனர்:
டயரை விடுங்கள். எனக்கு வேறு சந்தேகம். நாட்காட்டியைப் புரட்டினேன். 2025 ஆகஸ்ட் 10 ஞாயிற்றுக்கிழமை. அதோடு ஆடி 25. ஆடியில், அதுவும் ஞாயிற்றுக்கிழமையில், சங்ககிரிக்காரர் ஒருவர் புது லாரிக்கு முன்பணம் கட்டினார் என்றால் நான் ஒரு பூசணிக்காயை முழுசாக விழுங்குகிறேன்.

சங்ககிரி சக்கரம்:
பூசணிக்காயை எடுத்து வையுங்கள். பணத்தைக் கைபேசியில் அனுப்பினேன். கைபேசிக்கு ஞாயிறு ஏது, ஆடி ஏது? பணம் போடுவதற்கு நாள் பார்க்க மாட்டேன், சாவி வாங்குவதற்குத்தான் பார்ப்பேன். சாவி வாங்கியது நவராத்திரியில். ஜோசியம் தெரிந்தவர்கள் அதையும் புரட்டிப் பாருங்கள்.

பழைய கிளீனர்:
வண்டிக்கு முன்பணத்தைக் கைபேசியில் அனுப்பினாராம். எவ்வளவு அனுப்பினீர்கள், ஆயிரத்து ஒன்றா?

பட்டறைக்காரன்:
திருச்செங்கோட்டில் 22 வருடமாக பாடி கட்டுகிறேன். நீங்கள் இரண்டு பேரும் 45 என்றும் 148 என்றும் சண்டை போடுவது சேசிஸுக்கு. சேசிஸ் லாரியா? அதன் மேல் நெல்லை ஏற்ற முடியுமா? முட்டையை ஏற்ற முடியுமா? தளம் போட்டு, பக்கப் பலகை நிறுத்தி, பூட்டுக் கம்பி வைத்து, பெயின்ட் அடித்து என் பட்டறையை விட்டு வெளியே போகும் நாளில்தான் அது லாரி. இதற்கு ஒருவரும் நாள் கணக்குச் சொல்வதில்லை. தாமதம் என்றால் மட்டும் பட்டறைக்காரன் ஞாபகம் வருகிறது. சேசிஸைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, தேக்கா வேங்கையா இரும்பா என்று மாமனாரைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனவர் இரண்டு வாரம் கழித்து வருகிறார்.

சங்ககிரி சக்கரம்:
பட்டறைக்காரரே, உங்களிடம் 2019இல் கட்டிய என் டாரஸின் பின்கதவு கீல் மூன்றாவது நடையிலேயே கழன்றது. அதைப் பற்றியும் நாலு வரி எழுதுங்களேன்.

பட்டறைக்காரன்:
அது டாரஸ் அல்ல, பன்னிரண்டு சக்கரம். டாரஸ் என்றால் பத்து சக்கரம். பதினொரு வண்டி வைத்திருப்பவருக்கு இது தெரியவில்லை. லாரிகளின் எடை வரம்பை உயர்த்திய 2018 ஜூலை அறிவிப்புக்கு அடுத்த வருடம் அது. இன்னும் கொஞ்சம் தாங்கும் என்று மேலும் மேலும் ஏற்றினால் கீல் மட்டுமா கழலும்?

சங்ககிரி சக்கரம்:
எங்கள் ஊரில் பெரிய வண்டி எல்லாமே டாரஸ்தான். ஓவர்லோடு என்று எவன் சொன்னது? எடைமேடைச் சீட்டு ஒவ்வொன்றும் என்னிடம் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
எடைமேடைச் சீட்டு ஒவ்வொன்றும் இருக்கிறது, ஆர்.சி. மட்டும் இல்லை.

எருமப்பட்டி எக்ஸ்பிரஸ்:
அண்ணா, கீலும் டாரஸும் இருக்கட்டும். சாவி வாங்கிய அன்று மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் காட்டியது?

சங்ககிரி சக்கரம்:
61. ஏன், அதற்கும் ஜோசியம் இருக்கிறதா?

எருமப்பட்டி எக்ஸ்பிரஸ்:
இருக்கிறது. நம் இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே தொழிற்சாலை. என் வண்டியை அங்கிருந்து ஓட்டியே கொண்டுவந்தார்கள். மீட்டரில் 2,300 தாண்டியிருந்தது. இருக்கையின் பிளாஸ்டிக் உறையில் இரண்டு மாநிலத்துப் புழுதி, கதவு இடுக்கில் புளித்த ரொட்டித் துண்டு. உங்களுடையது மட்டும் 61. டிரெய்லரில் ஏற்றி வந்து இறக்கி, மாதக்கணக்கில் யார்டில் நிறுத்தி, உள்ளேயே நகர்த்தி நகர்த்திச் சேர்ந்த 61 அது.

சங்ககிரி சக்கரம்:
2,300 கிலோமீட்டர் ஓடிய வண்டியைப் புது வண்டி என்று வாங்கிக்கொண்டவர், 61 ஓடிய என் வண்டியைப் பழசு என்கிறார். இதை அச்சடித்து உங்கள் வீட்டு வாசலில் மாட்டுங்கள்.

பழைய கிளீனர்:
2,300க்கே அழுகிறீர்கள். கேபினே இல்லாமல் முகப்பு மட்டும் வைத்த சேசிஸை வடக்கிலிருந்து ஓட்டி வந்த ஓட்டுநருக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்து வந்திருக்கிறேன். கதவு கிடையாது, கூரை கிடையாது. பலகையைக் கயிற்றால் கட்டியதுதான் இருக்கை. ஓட்டுநர் தலையில் ஹெல்மெட், கண்ணில் வெல்டிங் கண்ணாடி போல ஒன்று, மூக்கை மூடித் துண்டு. நாக்பூர் தாண்டியதும் மழை பிடித்தது. தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு இரண்டு பேரும் சட்டியில் வெந்த கொழுக்கட்டை மாதிரி ஊர் வந்து சேர்ந்தோம். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் பெரிய வண்டிகளுக்கு ஓட்டுநர் கேபினில் ஏசி கட்டாயம் என்று கேட்டபோது அந்த ஓட்டுநரை நினைத்துக்கொண்டேன்.

சங்ககிரி சக்கரம்:
ஏசி வைத்தால் டீசலுக்கு யார் அழுவது? ஏற்கெனவே 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்ததிலிருந்து டீசலோடு யூரியாக் கரைசலும் ஊற்றிக்கொண்டிருக்கிறோம். என் தம்பி வண்டி ஓட்டிய காலத்தில் ஈரத் துண்டுதான் ஏசி.

பழைய கிளீனர்:
ஓட்டுகிறவனுக்கு ஈரத் துண்டு, முதலாளியின் காருக்கு ஏசி. புரிகிறது.

சங்ககிரி சக்கரம்:
என் ஓட்டுநர்களைக் கேட்டுப் பாருங்கள். மூன்று பேர் பத்து வருடமாக என்னோடுதான் இருக்கிறார்கள். உங்களைப் போல பாதி வழியில் வண்டியை விட்டுவிட்டு ஊருக்கு பஸ் ஏறவில்லை. முன்பு நடந்த ரீட்ரெட் டயர் விவகாரத்திலும் நீங்கள்தான் முதலில் வாய் வைத்தீர்கள். ரீட்ரெட் போட்ட டயரை, அதாவது தேய்ந்ததன் மேல் புதுப் பட்டை ஒட்டியதை, பின்னால் மாட்டலாம் என்று நான் சொன்னதற்கு ஒரு வாரம் கிண்டல் செய்தீர்கள். நான் எதையும் மறப்பதில்லை.

பழைய கிளீனர்:
நீங்கள் பின்னால் மாட்டலாம் என்று சொல்லவில்லை. முன்னாலும் மாட்டலாம் என்றீர்கள்.

சங்ககிரி சக்கரம்:
சொல்லவே இல்லை.

கணக்குப்பிள்ளை:
சொன்னீர்கள். நானும் படித்தேன்.

சங்ககிரி சக்கரம்:
சரி, எல்லோரும் சேர்ந்துகொண்டீர்கள். மறுபடி சொல்கிறேன். ஆகஸ்ட் 10, செப்டம்பர் 24, 45 நாள். என் பெயருக்கு என்று ஒதுக்கிய வண்டி அது. அது தொழிற்சாலையில் நின்றால் என்ன, யார்டில் நின்றால் என்ன? நான் ஆர்டர் போட்டேன், வந்தது.

எருமப்பட்டி எக்ஸ்பிரஸ்:
வந்தாயிற்று! "யார்டில் நின்றால் என்ன" என்று அண்ணனே சொல்லிவிட்டார். எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். இதைத்தான் முதல் வரியிலிருந்து சொல்கிறேன். யார்டில் நின்றதை எடுப்பது ஆயத்த ஆடை வாங்குவது. நான் செய்தது அளவு கொடுத்துத் தைக்கச் சொன்னது. இரண்டுக்கும் ஒரே நாள் கணக்கா?

சங்ககிரி சக்கரம்:
"நின்றால்" என்றேன், "நின்றது" என்று சொல்லவில்லை. தமிழ் படிக்கத் தெரியாதவர்களிடம் லாரி பேசி என்ன பயன்? உங்கள் 148 நாளுக்கு வருவோம். நாலு தடவை போய் சேசிஸ் நீளத்தை மாற்றினீர்களா இல்லையா? நிறத்தை மாற்றினீர்களா இல்லையா? எனக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், சொன்னார்கள்.

எருமப்பட்டி எக்ஸ்பிரஸ்:
நாலு தடவை இல்லை. ஒரே தடவை. அதுவும் நீளத்தை அல்ல, நிறத்தை மட்டும்.

சங்ககிரி சக்கரம்:
ஆகா.

எருமப்பட்டி எக்ஸ்பிரஸ்:
நிறத்தை மாற்றியது ஜூலை 9 அன்று. ஆறே நாள். மீதி 142 நாளுக்கு யார் பொறுப்பு? கடன் பணம் டீலர் கைக்குப் போன நாளிலிருந்தே எனக்கு வட்டி ஓடுகிறது. பாடி கட்டாமலேயே முதல் தவணை கட்டிவிட்டேன். இன்சூரன்ஸும் ஓடுகிறது. ஓடாதது வண்டி மட்டும்தான்.

பட்டறைக்காரன்:
வட்டி ஓடுகிறது என்கிறவர் ஒரு நிமிடம் இங்கே கவனிக்கவும். தம்பி, டிசம்பர் 8 அன்று நீங்கள் கொண்டுவந்து நிறுத்திய சேசிஸ் என் பட்டறையில்தான் நிற்கிறது. தளம் முடிந்தது, பக்கப் பலகை முடிந்தது, அடி பெயின்ட்டும் காய்ந்துவிட்டது. முன்பலகையில் குலதெய்வம் பெயரை மேலே எழுதுவதா, பிள்ளைகள் பெயரை மேலே எழுதுவதா என்று அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றீர்கள். இன்றோடு பன்னிரண்டு நாள். பெயின்டர் இரண்டு முறை வந்து திரும்பிவிட்டார். பொங்கலுக்கு முன் நான்கு வண்டிகள் வெளியே போக வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் வேப்பமரத்தடியில் தள்ளி நிறுத்திவிடுவேன்.

சங்ககிரி சக்கரம்:
பன்னிரண்டு நாளா! பெயர் எழுத! நான் பன்னிரண்டு நாளில் அந்த வண்டியை இரண்டு நடை ஓட்டியிருப்பேன். ஐயா, இவருக்கு வண்டி வாங்கத் தெரியவில்லை என்று நான் சொன்னபோது எல்லோருக்கும் கோபம் வந்ததே, இப்போது என்ன சொல்கிறீர்கள்?

எருமப்பட்டி எக்ஸ்பிரஸ்:
அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. அதனால்தான் கேட்கவில்லை. பட்டறை அண்ணா, நாளைக் காலையில் அழைக்கிறேன், வண்டியைத் தள்ளாதீர்கள்.

சங்ககிரி அண்ணா, ஆர்.சி.யில் அந்த ஒரு வரி.

சங்ககிரி சக்கரம்:
45.

பழைய கிளீனர்:
ஞாயிற்றுக்கிழமை. ஆடி 25.