எல்லாளன் பாடம்: உங்கட வீட்டில என்ன நடந்தது?

வெள்ளவத்தை அம்மா:
மகனுக்குத் தவணைப் பரீட்சை. நான் சோறு வடிச்சுக்கொண்டு நிக்கிறன், அவன் வரலாற்றுப் புத்தகத்தோட குசினி வாசலில. அநுராதபுரத்தை ஆண்ட எல்லாளனைச் சிங்கள அரசன் துட்டகைமுனு வெண்ட பாடம்தான். "அம்மா, எல்லாளன் தமிழன்தானே? அப்ப நாங்கள் தோத்த பக்கமா?" கையில சூட்டுப் பானை. "முதல்ல படி, மார்க்ஸ் வேணும்" எண்டுட்டன். பிறகு பாத்தா, 'படையெடுத்து' எண்ட சொல்லுக்குக் கீழ பென்சிலால ரெண்டு கோடு. அழுத்தி அழுத்திக் கீறியிருக்கிறான்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
அக்கா, பிள்ளைக்கு வாயை அடைச்சது பிழை. சிங்கள அரசர்மாரைப் புகழுற பழைய பாளி நூல் மகாவம்சமே எல்லாளன் 44 வருஷம் பகைவன், நண்பன் பாக்காமல் நீதியா ஆண்டவன் எண்டுதான் சொல்லுது. அவன்ட நினைவிடத்தைத் தாண்டேக்க அரசர்மார் மேளத்தை நிப்பாட்டுவினம் எண்டும் அதிலயே இருக்கு. இதை எனக்குச் சொன்னது கந்தோரில ஒரு சிங்களப் பெடியன், பாணைப் பருப்பில தோய்ச்சுக்கொண்டு. எங்கட சேர் அந்தப் பக்கத்தை "பரீட்சைக்கு வராது" எண்டு தாண்டிட்டார். பெடியன் சொல்லேக்க நான் தலையாட்டினன், தெரிஞ்ச மாதிரி.

ஹட்டன் பொண்ணு, இப்ப வத்தளை:
உங்களுக்காவது எல்லாளன் இருக்கான். எங்க புத்தகத்துல கோப்பி வந்துச்சு, தேயிலை வந்துச்சு, பறிச்சவங்க ஒரு வரியோட போயிட்டாங்க. எங்க தோட்டத்து ஆளுங்கள நாடில்லாதவங்களாக்கின 1948 குடியுரிமைச் சட்டம் வாசிச்சப்ப நான் வகுப்புல தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். பாட்டி நெத்தியில கூடைக் கயிறு பதிஞ்ச தழும்பு இருந்துச்சு. என் வரலாறு அதுலதான் இருந்துச்சு, புத்தகத்துல இல்ல.

ஓய்வுபெற்ற ரீச்சர்:
நான் 30 வருஷம் படிப்பிச்சன். ஒருக்கா ஒரு பிள்ளை இதே கேள்வி கேட்டு, நானும் மழுப்பினனான். அது கிடக்கட்டும். வெள்ளவத்தைப் பிள்ளை, லீவில மகனை அநுராதபுரம் கூட்டிக்கொண்டு போங்கோ. அங்க தக்கிண தூபம் எண்ட பழைய தூபியை ஒரு காலம் எல்லாளன் சமாதி எண்டாங்கள், பிறகு துட்டகைமுனுவின்ர எண்டாங்கள். அதைக் காட்டி, ஆர் சொன்னது, எதை வச்சுச் சொன்னது எண்டு கேக்கப் பழக்குங்கோ. தேர்ச்சில்லில கன்று செத்த கதை திருவாரூர் மனுநீதிச் சோழனுக்கும் இருக்கு, எல்லாளனுக்கும் இருக்கு. ரெண்டையும் பக்கத்தில வச்சு வாசிக்கச் சொல்லுங்கோ. கொட்டாஞ்சேனைத் தம்பி, தாயைக் குறை சொல்லாதேங்கோ. ஹட்டன் பிள்ளை, பாட்டி சொன்னதை எல்லாம் இண்டைக்கே ஒரு கொப்பியில எழுதி வையுங்கோ.

ஹட்டன் பொண்ணு:
பாட்டி இல்ல ரீச்சர்.

வெள்ளவத்தை அம்மா:
பரீட்சையில எல்லாளன் கேள்வி வந்ததாம். "எல்லாளன் நல்லவன் எண்டும் எழுதினனான், மார்க்ஸ் வெட்டுவினமா?" எண்டு மகன் கேக்கிறான். மார்க்ஸ் இன்னும் வரேல்ல.