‘கார்ன் ஈவில் 9’ பாதியில் தேய்ந்து நிற்கிறது: தட்டின் கோளாறா?

வட்டத்தட்டு கேட்கிறார்:
எமர்சன், லேக் அண்ட் பாமர் என்ற ராக் குழுவின் ‘பிரெயின் சாலட் சர்ஜரி’ (1973) ஆல்பம், எல்பி (இருபக்க இசைத்தட்டு). முதல் பக்கக் கடைசியில் ‘கார்ன் ஈவில் 9’ நல்ல வேகத்தில் போகும்போதே சத்தம் குறைந்து நின்றுவிடுகிறது. மறுபக்கத்தில் மெல்ல ஏறி மறுபடி தொடங்குகிறது. தட்டில் குறையா, ஊசியிலா? ஆல்பத்தின் பெயரில் ஒரு பாட்டையும் காணோமே?

கீழ்ஸ்தாயி:
இரண்டிலும் குறையில்லை. பாட்டு கிட்டத்தட்ட அரை மணி நேரம். எல்பியின் ஒரு பக்கத்தில் வசதியாக அடங்குவது 20, 22 நிமிடம்தான். அதற்கு மேல் திணித்தால் ஊசி ஓடும் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், அதற்காக ஒலியளவைக் குறைப்பார்கள். முதலில் அடிவாங்குவது பேஸ், அதாவது கனத்த கீழ் ஒலி. பாட்டுக்கு ‘இம்ப்ரெஷன்’ என்று மூன்று பாகங்கள். அதனால்தான் ‘முதல் இம்ப்ரெஷ’னையே இரண்டாக வெட்டி, பெரிய துண்டை முதல் பக்கத்திலும் மிச்சத்தை மறுபக்கத்திலும் வைத்தார்கள்.

ஊசிமேல் சந்தேகம் இருந்தால், முதல் பக்கக் கடைசியில், தட்டின் உள்வட்டத்தில், பாடகர் லேக்கின் குரலைக் கவனியுங்கள். ‘ஸ’ வரும் இடமெல்லாம் சீறினால் ஊசி தேய்ந்திருக்கும், இல்லை ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் கோணம் தப்பியிருக்கும்.

மூன்றாம்பக்கம்:
வெட்டில்லாமல் கேட்க 1974-இன் மூன்று தட்டு லைவ் ஆல்பம் இருக்கிறது. ஐந்தாம் பக்கம் முழுக்க முதல் இம்ப்ரெஷன்தான், 17 நிமிடத்துக்கு மேல். தலைப்புப் பாட்டைப் பதிவு செய்தார்கள், ஆனால் ஆல்பத்தில் சேர்க்கவில்லை. 1977-இல் வந்த ‘வொர்க்ஸ்’ இரண்டாம் தொகுதியில் கிடைக்கும்.

மெல்லோட்ரான்:
லைவ் ஆல்பத்தின் ஒலி கொஞ்சம் மங்கல், ஸ்டூடியோ பதிவைப் பழகிவிட்டு அதற்குப் போங்கள். ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு வேண்டுமென்றால் 1971-இன் ‘டார்கஸ்’. 20 நிமிடம் 40 விநாடி, தையலே தெரியாது.

‘வொர்க்ஸ்’ முதல் தொகுதியில் (1977) ஆளுக்கு ஒரு பக்கம், நான்காவதில் மட்டும் மூவரும் சேர்ந்து. நைஸ், கிங் கிரிம்சன், அட்டாமிக் ரூஸ்டர் என்று மூன்று குழுக்களிலிருந்து வந்தவர்கள் மறுபடி மூன்றாகப் பிரிவது அந்தத் தட்டிலேயே தெரியும். அந்த நான்காம் பக்கத்தை விடாதீர்கள். அதே ஆண்டு அவர்கள் ஆர்க்கெஸ்ட்ராவோடு கிளம்பிய சுற்றுப்பயணம் செலவு தாங்காமல் பாதியில் மூவரோடு சுருங்கியது. 1978-இல் வந்த ‘லவ் பீச்’ ஆல்பத்தில் தொடங்கினால் குழுவையே வெறுத்துவிடுவீர்கள்.

இன்னொன்று: ‘மூன்றாம் இம்ப்ரெஷன்’ முடிவில் சிந்தசைசர் வேகமெடுத்து இடமும் வலமுமாகத் தாவும். அதற்கும் ஊசியைக் கழற்றிவிடாதீர்கள்.