பிரசவ விருப்பத் தாள்: தமிழில் சரிபார்க்க ஆள் தேவை

அக்கா தங்கைகளுக்கு வணக்கம். இங்கே சிங்கப்பூரில் பிள்ளை பெறப்போகும் தமிழ்ப் பெண்களுக்காக, டூலாக்கள் (பிரசவத்தின்போது தாய்க்குத் துணையிருப்பவர்கள்) சிலர் சேர்ந்து, பிரசவத்தில் தனக்கு என்ன வேண்டும் என்பதைத் தாய் மருத்துவமனைக்குத் தெரிவிக்கும் ஒரு விருப்பத் தாள் தயாரிக்கிறோம். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம். ஏ4 தாளில் ஒரே பக்கம்தான்; மூன்று பக்கம் நீண்டால் இரவுப்பணித் தாதிக்குப் படிக்க நேரமிருக்காது.

சிக்கல் வார்த்தைகளில்தான். "எபிடியூரல் (முதுகில் போடும் வலி குறைக்கும் ஊசி) வேண்டாம்" என்று எழுதிவிட்டால், வலி தாங்காதபோது அதைக் கேட்கவே அந்தப் பெண் கூச்சப்படுவாள். "நீங்களாக எடுத்துச் சொல்ல வேண்டாம், வேண்டுமென்றால் நானே கேட்கிறேன்" என்று எழுதினால் முடிவு அவள் கையில் இருக்கும். குழந்தை நலமாக இருந்தால் தொப்புள்கொடியில் கவ்வி போட ஒரு நிமிடமாவது பொறுப்பது, பிறந்ததும் ஒரு மணி நேரம் மார்போடு அணைத்திருப்பது, இவற்றுக்கும் இதேபோல் தெளிவான சொற்கள் வேண்டும்.

தாளின் தலைப்பிலேயே டூலாவின் வேலையையும் சொல்கிறோம்: இடுப்பை அழுத்திப் பிடிப்பார், நிலை மாற்றிப் படுக்க உதவுவார், உள்சோதனை செய்யமாட்டார், தாய்க்குப் பதிலாக முடிவெடுக்கமாட்டார்.

பிரசவ வார்டில் வேலை செய்யும் தமிழ்த் தாதி யாராவது வாசித்துத் திருத்தித் தருவீர்களா? அண்மையில் கேகே, என்யுஎச் போன்ற மருத்துவமனைகளில் பெற்றவர்கள் இன்னொன்றும் சொல்லுங்கள்: கணவரோடு டூலாவையும் உள்ளே விட்டார்களா, ஒருவர் மட்டும்தானா? சிசேரியன் அறையில் எப்படி? இந்த மாதக் கடைசிக்குள் தெரிந்தால் அச்சுக்குக் கொடுத்துவிடலாம்.